தேதியைக் கேளுங்கள்: 2003 ஈராக் போர் நியாயமா என்று வாதாடுவது எப்படி

கல்லூரி மாணவர்களுக்கு விவாதப் பயிற்சி கொடுப்பது என் வேலை. வருடம் தவறாமல் நான் கொடுக்கும் தலைப்பு ஒன்று உண்டு: அமெரிக்காவும் பிரிட்டனும் படையெடுத்த 2003 ஈராக் போர் நியாயமானதா? முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அது நியாயமற்ற போர் என்பதுதான் என் முடிவு. ஆனாலும் இரண்டு தரப்பையும் ஒரே அக்கறையோடுதான் சொல்லித் தருகிறேன். லட்சத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த விஷயம். அதைப் பற்றி அரைகுறையாகப் பேசக் கூடாது என்பதில் நான் கண்டிப்பானவன்.

ஓர் இறுதிச் சுற்றில் நடந்ததைச் சொல்கிறேன். போரை எதிர்த்துப் பேசிய மாணவி, "பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று சொல்லித்தானே போனார்கள்? கடைசியில் ஒன்றும் இல்லை. அப்புறம் எங்கே நியாயம்?" என்றாள். கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஆதரித்துப் பேசிய மாணவன் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "இல்லை என்று எப்போது தெரிந்தது?" அவள் கையிலிருந்த குறிப்பு அட்டையைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். இரண்டு பக்கத்திலும் தேதி இல்லை. போர் தொடங்கியது 2003 மார்ச் 20. ஆயுதக் கையிருப்பு இல்லை என்று, படையெடுப்புக்குப் பிறகு அங்கே ஆயுதம் தேடிய ஈராக் ஆய்வுக் குழுவின் விரிவான அறிக்கை வெளியானது 2004 அக்டோபரில். ஒன்றரை வருட இடைவெளி. அந்த இடைவெளிக்குள் அவளுடைய வாதம் விழுந்துவிட்டது.

பத்து நிமிடம் கழித்து அதே பள்ளத்தில் எதிரணியும் விழுந்தது. ஈராக் அதிபர் சதாம் உசேன் ஹலப்ஜா நகரில் குர்து மக்கள் மீது விஷவாயு வீசி ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றதை அந்த அணியின் இரண்டாவது பேச்சாளர் உருக்கமாகச் சொன்னார். இப்போது அவள் கேட்டாள்: "அது எந்த வருடம்?" 1988. "1988இல் நடந்ததற்கு 2003இல் ஏன் படை போக வேண்டும்? நடுவில் 15 வருடம் என்ன செய்தீர்கள்?" அவரிடமும் பதில் இல்லை.

அன்றிலிருந்து தேதி போடாத அட்டையை நான் மேடையேற விடுவதில்லை. இந்தத் தலைப்பை எடுக்கும் யாருக்கும் என் முதல் பாடம் அதுதான்.

முதலில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் எடுத்துக்கொள்வது 2003 மார்ச் 18. முந்தின நாள்தான் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், 48 மணி நேரத்துக்குள் நாட்டை விட்டு வெளியேறும்படி சதாமுக்குக் கெடு வைத்திருந்தார். 18ஆம் தேதி பிரிட்டன் நாடாளுமன்றம் விவாதித்து, 412க்கு 149 என்று போருக்குச் சம்மதம் சொன்னது. ஒரு நாட்டின் மக்கள் பிரதிநிதிகள் இன்னும் "வேண்டாம்" என்று சொல்லியிருக்கக்கூடிய கடைசி நாள் அது. ஆகவே தலைப்பை இப்படி மாற்றி எழுதுங்கள்: "அன்று தெரிந்திருந்தவற்றை வைத்து, போருக்கு ஆம் என்று வாக்களிப்பது நியாயமா?" இப்படிக் கேட்ட உடனே பாதிச் சத்தம் அடங்கிவிடும். மீதி இருப்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

அடுத்து அட்டைகள். ஒவ்வொரு செய்திக்கும் ஓர் அட்டை, ஒவ்வோர் அட்டையிலும் இரண்டு தேதி: சம்பவம் நடந்த நாள், அது வெளியே தெரிந்த நாள். இரண்டாவது தேதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஓர் உதாரணம். பிரிட்டன் அரசின் தலைமை வழக்கறிஞர் கோல்ட்ஸ்மித் மார்ச் 7 அன்று பிரதமர் டோனி பிளேருக்கு நீளமான சட்டக் கருத்து ஒன்று எழுதினார். இன்னொரு ஐ.நா. தீர்மானம் பெறுவதே பாதுகாப்பான வழி என்றும், அது இல்லாமலும் ஓரளவு வாதாட இடமிருக்கிறது என்றும் தயக்கத்தோடு எழுதப்பட்டது அது. மார்ச் 17 அன்று நாடாளுமன்றத்துக்கு அவர் கொடுத்த பதில் மிகச் சுருக்கமானது. அதில் அந்தத் தயக்கம் எதுவும் இல்லை. முழுக் கருத்து வெளியே வந்தது 2005 ஏப்ரலில்தான். ஆக, மார்ச் 18 அன்று வாக்களித்த உறுப்பினருக்கு அது தெரியாது. பிளேருக்குத் தெரியும். "அன்று தெரிந்திருந்தது" என்று சொன்னால் யாருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் எழுத வேண்டும். வாக்களித்த உறுப்பினரை மன்னிக்கலாம், பிரதமரை மன்னிக்க முடியாது என்று ஒருவர் முடிவுக்கு வந்தால் அது மழுப்பல் ஆகாது. அட்டை காட்டும் முடிவு அது.

இப்போது அந்த மாணவிக்கு வருவோம். "ஆயுதம் இல்லை" என்று வாதாட அவளுக்கு 2004 தேவையே இல்லை. முன்னாள் வெளியுறவு அமைச்சர் ராபின் குக், போரை ஏற்க முடியாது என்று பதவி விலகி நாடாளுமன்றத்தில் பேசியது மார்ச் 17. வழக்கமான பொருளில் பேரழிவு ஆயுதம் என்று சொல்லத்தக்கது, அதாவது ஒரு நகரத்தின் மீது வீசக்கூடிய நம்பகமான ஆயுதம், ஈராக்கிடம் அநேகமாக இல்லை என்று அன்றே அவர் சொன்னார். வாக்களிப்புக்கு ஒரு நாள் முன்பு! அந்த அட்டை அவள் கையில் இருந்திருந்தால் மாணவனின் கேள்வி திரும்பி அவனையே தாக்கியிருக்கும். ஆனால் குக்கைப் பிடித்தால் அடுத்த வரியையும் படித்துவிட்டுப் பிடியுங்கள். உயிரியல் நச்சும் போர்க்களத்தில் பயன்படும் ரசாயனக் குண்டும் ஈராக்கிடம் அநேகமாக இன்னும் இருக்கலாம் என்று அவரே தொடர்ந்து சொன்னார். நீங்கள் படிக்காவிட்டால் எதிரணி படித்துக் காட்டும். அதேபோல "ஒன்றுகூடக் கிடைக்கவில்லை" என்றும் சொல்லாதீர்கள். 1991க்கு முந்தைய, துருப்பிடித்த ரசாயனக் குண்டுகள் கிடைத்தன. கிடைக்காதது, போருக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட கையிருப்பு. சொல்லில் இவ்வளவு கறாராக இருந்தால்தான் மேடையில் நிற்க முடியும்.

ஒரே மனிதரின் வார்த்தைகளை இரண்டு தரப்புக்கும் எடுத்துக் கொடுத்துப் பாருங்கள். இதற்கு ஐ.நா. ஆயுத ஆய்வுக் குழுவின் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸை விடப் பொருத்தமானவர் கிடையாது. 2003 ஜனவரி 27 அன்று பாதுகாப்பு கவுன்சிலில் அவர் சொன்னது: ஆயுதங்களைக் களைய வேண்டும் என்ற கோரிக்கையை ஈராக் இன்னும் மனதார ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. இது போர் ஆதரவாளர்களுக்குக் கிடைத்த பொக்கிஷம். பிப்ரவரி 14 அன்று, 300க்கு மேற்பட்ட இடங்களில் 400க்கு மேற்பட்ட சோதனைகள் நடத்தியாகிவிட்டது என்றார். மார்ச் 1 முதல் ஈராக் தன் அல்-சமூத் 2 ஏவுகணைகளை ஆய்வாளர்கள் முன்னிலையில் உடைக்க ஆரம்பித்தது. அவை அனுமதிக்கப்பட்ட 150 கிலோமீட்டரைத் தாண்டிப் பாய்ந்தவை. மார்ச் 7 அன்று பிளிக்ஸ் மறுபடியும் கவுன்சிலுக்கு வந்தார். உடைபடுவது பல்குத்தும் குச்சிகள் அல்ல, உயிர் குடிக்கும் ஆயுதங்கள் என்றார். வேலை முடிய வருடங்கள் ஆகாது, வாரங்களும் போதாது, மாதங்கள் ஆகும் என்றார். அதே கூட்டத்தில்தான், ஈராக் நைஜரிடமிருந்து யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டிய ஆவணங்கள் உண்மையானவை அல்ல என்று சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் எல்பரடெய் அறிவித்தார்.

ஜனவரி 27இலிருந்து மார்ச் 7 வரை 39 நாள். முதல் உரையை மட்டும் படிப்பவர் ஆதரவாளர் ஆவார், மூன்றாவதை மட்டும் படிப்பவர் எதிர்ப்பாளர் ஆவார். மூன்றையும் வரிசையாக வைத்துப் படித்தால்தான் உண்மையான கேள்வி தெரியும்: ஒத்துழைப்பு கூடிக்கொண்டிருந்த நேரத்தில் சோதனையை ஏன் நிறுத்தினார்கள்? ஆதரவு அணியின் மிகப் பலமான பதிலும் இங்கேதான் இருக்கிறது. 1998 டிசம்பரில் வெளியேறிய ஆய்வாளர்கள் 2002 நவம்பர் வரை உள்ளே போக முடியவில்லை. படை வாசலில் வந்து நின்றதால்தான் கதவு திறந்தது. அந்தப் படையைப் பாலைவனத்தில் எத்தனை மாதம் நிறுத்தி வைக்க முடியும்? படை திரும்பினால் கதவு மூடிக்கொள்ளாதா? இதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. என் பதில் இதுதான்: மிரட்டல் வேலை செய்கிறது என்பது, மிரட்டலைத் தொடர்வதற்குக் காரணம். குண்டு போடுவதற்கு அல்ல. உங்கள் பதில் வேறாக இருக்கலாம். ஆனால் இந்த இடத்தைத் தொடாமல் போகும் எந்தப் பேச்சுக்கும் நான் மதிப்பெண் போடுவதில்லை.

அடுத்து, 'நியாயம்' என்ற சொல்லைப் பிரித்துப் போடுங்கள். தமிழில் அது பெரிய பாத்திரம். சட்டமும் அறமும் விவேகமும் ஒன்றாகக் கொதிக்கும். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று அணிகள் முதலிலேயே சொல்ல வேண்டும்.

சட்டத்தில் சண்டையின் மையம் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலின் தீர்மானம் 1441. 2002 நவம்பர் 8 அன்று சிரியா உட்பட கவுன்சிலின் 15 நாடுகளும் ஒருமனதாக நிறைவேற்றியது. ஈராக் விதிமீறலில் இருக்கிறது, இது கடைசி வாய்ப்பு, தவறினால் கடும் விளைவுகள் என்கிறது அது. ஆதரவு அணி இதைச் சங்கிலியாகக் கோக்க வேண்டும்: ஈராக் பிடித்த குவைத்தை மீட்கப் பலம் பயன்படுத்த அனுமதித்தது 1990இன் தீர்மானம் 678. சண்டை நிறுத்தத்துக்கு ஆயுதக் களைவை நிபந்தனையாக்கியது 1991இன் 687. நிபந்தனை மீறப்பட்டது என்று உறுதி செய்தது 1441. ஆகவே பழைய அனுமதி மீண்டும் உயிர் பெற்றது. எதிர்ப்பு அணி உடைக்க வேண்டிய கண்ணி கடைசியில் இருக்கிறது: உயிர் பெற்றதா இல்லையா என்று முடிவு செய்வது யார்? கவுன்சிலா, தனித்தனி நாடுகளா? 1441 நிறைவேறிய அன்று அமெரிக்கத் தூதர் நெக்ரொபோண்டேவே இதில் மறைவான விசை எதுவும் இல்லை, தானாகப் போர் தொடங்கும் ஏற்பாடும் இல்லை என்றார். அமெரிக்காவும் பிரிட்டனும் இரண்டாவது தீர்மானத்துக்கு ஆதரவு திரட்டப் பார்த்து, முடியாமல் கைவிட்டார்கள். தேவையே இல்லாத ஒன்றுக்கு ஏன் அவ்வளவு அலைந்தார்கள் என்று கேளுங்கள்.

விவேகத்தில் "பின்னால் இப்படி ஆகும் என்று யாருக்குத் தெரியும்?" என்ற வாக்கியம் கட்டாயம் வரும். தேதியோடு பதில் சொல்லுங்கள். 2003 பிப்ரவரி 25 அன்று அமெரிக்கத் தரைப்படைத் தளபதி எரிக் ஷின்செகி, போருக்குப் பிறகு ஈராக்கை நிர்வகிக்கப் பல லட்சம் வீரர்கள் தேவைப்படலாம் என்று செனட் குழு முன் சொன்னார். இரண்டே நாளில் பாதுகாப்புத் துணை அமைச்சர் உல்ஃபோவிட்ஸ் அது கொஞ்சமும் பொருந்தாத கணக்கு என்று ஒதுக்கினார். பிரிட்டனில் இந்தப் போர் பற்றி விசாரணை நடத்திய சில்காட், 2016 ஜூலை 6 அன்று அறிக்கையை வெளியிட்டபோது, உள்நாட்டு மோதல் போன்ற அபாயங்கள் படையெடுப்புக்கு முன்பே வெளிப்படையாகக் கண்டறியப்பட்டவை, அவற்றைக் காணப் பின்னறிவு தேவைப்படவில்லை என்றார். ஆனால் ஈராக் ராணுவத்தையே கலைத்த 2003 மே 23இன் உத்தரவை மார்ச் 18 அட்டைகளோடு சேர்க்காதீர்கள். அது போருக்குப் பிறகு எடுத்த வேறொரு தவறான முடிவு. அமெரிக்க வீரர்கள் ஈராக் கைதிகளைச் சித்திரவதை செய்ததைக் காட்டிய அபு கரைப் சிறைப் படங்களும் அப்படித்தான். அவை 2004 ஏப்ரலில் வெளிவந்தன. போரில் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதற்கு அவை சாட்சி. போருக்குப் போனது சரியா என்பதற்கு அல்ல. பசுக்களும் பெண்களும் நோயாளிகளும் விலகிப் போங்கள் என்று அறிவித்துவிட்டு அம்பு விட்ட மன்னனைச் சங்கப் புலவர் பாடினார். அந்த மன்னன் எதற்காகப் போருக்குப் போனான் என்பது தனிக் கேள்விதானே.

சொற்களில் தமிழில் பேசுகிறவர்களுக்கென்றே ஒரு குழி இருக்கிறது: 'ஆக்கிரமிப்பு'. அத்துமீறிப் படையெடுப்பதற்கும் அந்தச் சொல்தான், பிடித்த நிலத்தை ஆள்வதற்கும் அந்தச் சொல்தான். 2003 மே 22 அன்று தீர்மானம் 1483 அமெரிக்காவையும் பிரிட்டனையும் நாட்டைப் பிடித்து நிர்வகிக்கும் சக்திகளாகக் குறிப்பிட்டது. இதை வைத்து "ஐ.நா.வே ஆக்கிரமிப்பு என்று சொல்லிவிட்டது" என்று பலர் முழங்குகிறார்கள். ஐ.நா. சொன்னது இரண்டாவது பொருளில். படையெடுத்தது குற்றம் என்று அது தீர்ப்புச் சொல்லவில்லை. ஆகவே நான் 'படையெடுப்பு' என்றும் 'கைப்பற்றி ஆளுதல்' என்றும் பிரித்தே எழுதச் சொல்கிறேன். ஒரு சொல்லுக்காக எவ்வளவு மல்லுக்கட்டலாம் என்பதற்கு இந்திய நாடாளுமன்றமே சாட்சி. 2003 ஏப்ரலில் இந்தப் போர் பற்றி அது நிறைவேற்றிய தீர்மானத்தில் இருந்த இந்திச் சொல் 'நிந்தா'. அதைக் கண்டனம் என்றும் படிக்கலாம், வருத்தத்தோடு கூடிய மறுப்பு என்றும் படிக்கலாம். இரண்டுக்கும் இடம் வைத்ததால்தான் எல்லாக் கட்சிகளும் அதில் ஒன்றுசேர முடிந்தது.

சாவு எண்ணிக்கைக்கு வரும்போது என் மாணவர்களிடம் கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொல்வேன். 2006இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு சுமார் 6,55,000 என்றது. ஈராக் குடும்ப நலக் கணக்கெடுப்பு ஏறக்குறைய அதே காலத்துக்குச் சுமார் 1,51,000 என்றது. ஒன்று பொய், ஒன்று உண்மை என்று அவசரப்படாதீர்கள். முதலாவது, போர் இல்லாவிட்டால் நிகழ்ந்திருக்காத எல்லாச் சாவுகளையும் மதிப்பிட முயன்றது. இரண்டாவது, வன்முறையால் நேர்ந்த சாவுகளை மட்டும் மதிப்பிட்டது. முறைகளும் வேறு, பிழை வரம்புகளும் பெரியவை. எதை எண்ணினார்கள் என்று ஒரு வரி சொல்லிவிட்டு எண்ணைச் சொல்லுங்கள். பெரிய எண்ணை எடுத்தால் பேச்சு பலமாகும் என்று நினைக்கும் மாணவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: 1,51,000 உங்களுக்குப் போதவில்லையா?

பிறகு ஒரு சோதனை. நீங்கள் வைக்கும் விதியை வேறொரு போரில் வைத்துப் பாருங்கள். "பாதுகாப்பு கவுன்சில் அனுமதி இல்லாத போர் எப்போதும் தவறு" என்றால், 1999இல் கொசோவோவுக்காக நேட்டோ 78 நாள் குண்டு வீசியதும் தவறு. 1978 டிசம்பரில் வியட்நாம் கம்போடியாவுக்குள் நுழைந்து போல் பாட்டின் கொலைக்களத்தை முடித்துவைத்ததும் தவறு. அதையும் தவறு என்று சொல்லத் தயாரா? "கொடுங்கோலனை அகற்றுவது எப்போதும் சரி" என்றால், மீதமுள்ள கொடுங்கோலர்களின் பட்டியலை எதிரணி வாசிக்கும். பெரும்பாலோர் இந்த இடத்தில் விதியைத் திருத்துகிறார்கள், திருத்தவும் வேண்டும். கம்போடியாவில் கொலை நடந்துகொண்டிருந்தது. ஈராக்கில் ஹலப்ஜா நடந்து 15 வருடம் ஆகியிருந்தது. 2003 மார்ச்சில் அந்த அளவுப் படுகொலை நடக்கவில்லை. மறுபடியும் தேதிதான் பிரித்துக் காட்டுகிறது.

பயிற்சியின் கடைசி வாரத்தில் அணிகளை மாற்றிவிடுவேன். எதிர்த்தவர் ஆதரிக்க வேண்டும். அட்டைகள் அதேதான், புதிதாக ஒன்றும் சேர்க்கக் கூடாது. இது முடிந்த பிறகு மாணவர்களின் குரல் இறங்கிவிடுகிறது, வாக்கியம் நீளமாகிறது. அரங்கில் போரைப் பார்த்தவரோ வீட்டில் ஒருவரை இழந்தவரோ இருக்கலாம். அவர் எழுந்து பேசினால் அட்டையைக் கீழே வைத்துவிட்டு முழுவதும் கேளுங்கள். நேரம் முடிந்தது என்று மணி அடிக்காதீர்கள்.

என் பெட்டியில் என் முடிவுக்கு எதிரான ஓர் அட்டை இருக்கிறது. 1991 பிப்ரவரி 15: குவைத் போரின் நடுவே, ஈராக் மக்களே எழுந்து சதாமை ஒதுக்க வேண்டும் என்று அன்றைய அமெரிக்க அதிபர் மூத்த புஷ் (ஜார்ஜ் புஷ்ஷின் தந்தை) அழைப்பு விடுத்த நாள். மார்ச்சில் தெற்கில் ஷியாக்களும் வடக்கில் குர்துகளும் எழுந்தார்கள். சண்டை நிறுத்தப் பேச்சில் பறக்க அனுமதி வாங்கிய சதாம் ராணுவத்தின் ஹெலிகாப்டர்களே அவர்கள் மீது பாய்ந்தன. பல்லாயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள், அழைத்தவர்கள் வரவில்லை. "அன்று வராதது தவறு என்கிறீர்கள், 2003இல் வந்ததும் தவறு என்கிறீர்கள். அப்படியானால் அவர்கள் எப்போது வந்திருக்க வேண்டும்?" என்று ஒரு மாணவர் கேட்டார். கொலை நடந்துகொண்டிருந்தபோது, 1991 மார்ச்சில் என்று சொன்னேன். "அது தவறிய பிறகு?" என்றார். அந்த அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் மூன்று பதில்கள் எழுதி மூன்றையும் அழித்திருக்கிறேன்.